மண் குவளையும் தோல் பந்தும்

ஆம்பூரில் ஞாயிற்றுக்கிழமை என்றால் பாலாற்றுப் படுகையைப் பார்க்க வேண்டும்.

தண்ணீர் இல்லாத நாட்களில் அங்கே கிரிக்கெட் ஆட்டம் நடக்கும். ஆறு நாட்கள் ஷூ கம்பெனியில் வேலை செய்த வாலிபர்கள், ஏழாவது நாள் மட்டையோடு வந்துவிடுவார்கள்.

ஆட்டம் முடிந்ததும் டீக்கடை. டீக்கடையில் வாதம்.

எந்த ஆட்டக்காரர் பெரியவர்? இதுதான் கேள்வி.

ஒருவர் கணக்குச் சொல்லுவார். இத்தனை ரன், இத்தனை விக்கெட் என்று விரல் விட்டு எண்ணுவார். இன்னொருவர் ஒப்புக்கொள்ள மாட்டார். கணக்கு இருந்தால் போதுமா? மைதானத்துக்கு வெளியே அந்த ஆள் எப்படி நடந்துகொள்கிறார் என்று பார்க்க வேண்டாமா என்று கேட்பார்.

இருவர் சொல்லுவதிலும் நியாயம் இருக்கிறது. இருவருக்கும் பதில் சொல்லக்கூடிய ஒரு வாழ்க்கை இருக்கிறது.

அவர் தமிழர் அல்ல. வேலூர்ப் பக்கம் பிறந்தவரும் அல்ல. ஆனாலும் தோல் தொழில் செய்யும் ஊர்க்காரர்கள் அவரைத் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். ஏன் என்றால், தோலைத் தொட்ட குலம் என்று சொல்லித்தான் அவரைத் தள்ளி வைத்தார்கள். தோலால் செய்த பந்தைக் கொண்டுதான் அவர் உலகத்தை வென்றார்.

அவர்தான் பல்வங்கர் பாலு!

பந்துக்கு இல்லாத தீட்டு

கிரிக்கெட் பந்தின் உள்ளே இருப்பது தக்கை. தக்கையின் மேல் நூலை இறுக்கிச் சுற்றுவார்கள். அதன் மேல் தோலை வைத்துத் தைப்பார்கள். எடை சுமார் 160 கிராம்.

மாட்டுத் தோலை உரிக்க வேண்டும். பதனிட வேண்டும். சாயம் ஏற்ற வேண்டும். வெட்ட வேண்டும், தைக்க வேண்டும். இத்தனை கைகள் பட்ட பிறகே அது பந்தாகிறது.

வேலூர், ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றுப் பக்கத்து ஊர்களில் இன்று எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போடுவது தோல். ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட காலமும் உண்டு. தோல் தொட்டியில் இறங்கி வேலை செய்தவர்களைப் பிறர் எப்படிப் பார்த்தார்கள் என்பது இந்த ஊர்களில் உள்ள பெரியவர்களுக்குத் தெரியும்.

அந்தக் கொடுமை இந்தியா முழுவதும் இருந்தது. பாலு பிறந்த பம்பாய் மாகாணத்திலும் இருந்தது.

மூன்று ரூபாய்ச் சம்பளம்

1876-ம் ஆண்டு தார்வார் நகரில் பாலு பிறந்தார். இன்று அது கர்நாடக மாநிலத்தில் இருக்கிறது. குடும்பத்தின் சொந்த ஊர் கொங்கணக் கடற்கரைப் பக்கத்தில் உள்ள பல்வன் என்ற கிராமம். அதனால் பல்வங்கர் என்று பெயர்.

தோல் வேலையைக் குலத்தொழிலாகக் கொண்ட சமார் வகுப்பு அவருடையது. ஆனால் அவருடைய அப்பா தோல் வேலைக்குப் போகவில்லை. பூனாவில் ராணுவத்தைச் சேர்ந்த வேலையில் இருந்தார். பூனாவை இன்று புனே என்கிறோம்.

பூனாவில் வெள்ளைக்கார அதிகாரிகள் கிரிக்கெட் ஆடுவார்கள். வேண்டாம் என்று அவர்கள் கழித்துப் போட்ட மட்டையையும் பந்தையும் வைத்துக்கொண்டு பாலுவும் தம்பியும் ஆடக் கற்றுக்கொண்டார்கள்.

பள்ளிக்கூடம் அதிக நாள் இல்லை. வீட்டில் பணம் தேவைப்பட்டது. பார்சிகளின் கிரிக்கெட் சங்கம் ஒன்றில் சிறுவன் பாலுவுக்கு வேலை கிடைத்தது. மைதானத்தைப் பெருக்க வேண்டும். தரையில் உருளை உருட்ட வேண்டும். சம்பளம் மாதம் 3 ரூபாய்.

1892-ம் ஆண்டு வெள்ளைக்காரர்களின் பூனா கிளப்பில் வேலைக்குச் சேர்ந்தார். ஒரு ரூபாய் அதிகம். மாதம் 4 ரூபாய். ஆட்டத் தரையைச் சமப்படுத்துவது, கோடு போடுவது, வலை கட்டுவது அவர் வேலை.

ஒருநாள் ஓர் ஆங்கிலேயர் பாலுவிடம் பந்தைக் கொடுத்து வீசச் சொன்னார். இடது கை வீச்சு. பந்து மெதுவாக வந்தது. தரையில் பட்டதும் திரும்பியது. அதிகாரிகள் வியந்து போனார்கள்.

அன்று முதல் வேலை இரட்டிப்பாயிற்று. தரையையும் உருட்ட வேண்டும், பந்தும் போட வேண்டும். கிரெய்க் என்ற பேர்பெற்ற ஆங்கிலேய ஆட்டக்காரர் பாலுவின் பந்தை ஆடியே பழகினார். அவரை ஒருமுறை ஆட்டம் இழக்கச் செய்தால் பாலுவுக்கு எட்டணா கொடுப்பாராம். அப்படி ஒரு கதை உண்டு.

மணிக்கணக்கில் பாலு பந்து வீசினார். ஆனால் மட்டையை மட்டும் யாரும் அவர் கையில் கொடுக்கவில்லை. மட்டை பிடிப்பது துரைமார்களின் வேலை. பந்து போடுவது வேலைக்காரனின் வேலை!

மண் குவளை

பூனாவில் இந்துக்களுக்கும் ஒரு கிரிக்கெட் குழு இருந்தது. வெள்ளைக்காரர்களை ஜெயிக்க வேண்டும் என்று அவர்களுக்கு ஆசை.

ஜெயிக்க நல்ல பந்து வீச்சாளர் வேண்டும். நல்ல பந்து வீச்சாளர் பாலு. ஆனால் அவர் தாழ்த்தப்பட்டவர். சேர்க்கலாமா, கூடாதா? பெரிய விவாதம் நடந்தது. முடிவில் ஜெயிக்கும் ஆசை வென்றது. பாலுவைச் சேர்த்துக்கொண்டார்கள்.

பிறகு நடந்ததைக் கேளுங்கள்.

மைதானத்தில் பாலு பந்து வீசுவார். அதே பந்தை மற்றவர்கள் பிடிப்பார்கள். துடைத்து மறுபடியும் அவர் கையில் போடுவார்கள். தீட்டு இல்லை.

தேநீர் இடைவேளை வரும். மற்றவர்கள் கொட்டகைக்குள் போய்ப் பீங்கான் கோப்பையில் தேநீர் குடிப்பார்கள். பாலுவுக்கு வெளியே தேநீர் வரும். குடித்ததும் வீசி எறிந்துவிடக்கூடிய மண் குவளையில் வரும்.

சாப்பாட்டுக்குத் தனி மேசை. தனித் தட்டு. முகம் கழுவ வேண்டுமானால், தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒரு பணியாள் தண்ணீர் கொண்டுவந்து ஒரு மூலையில் ஊற்ற வேண்டும்.

பந்தும் தோல்தான். தோலுக்குத் தீட்டு இல்லை. தோல் தொழில் செய்த குலத்தில் பிறந்தவருக்குத் தீட்டு! இதைவிட வேடிக்கை உண்டா? இதைவிட வேதனைதான் உண்டா?

பாலு என்ன செய்தார்? விக்கெட் எடுத்தார்.

சதாரா என்ற ஊரில் வெள்ளைக்காரர்களோடு ஓர் ஆட்டம். பாலுவின் பந்து திரும்பக் கூடாது என்பதற்காக ஒரு வாரம் உருளை உருட்டித் தரையைக் கல் போல் ஆக்கி வைத்திருந்தார்கள். அந்தத் தரையிலும் பாலு 7 விக்கெட் சாய்த்தார். தரையை உருட்டியே வளர்ந்தவருக்குத் தரையின் குணம் தெரியாதா?

பூனா மக்கள் கொண்டாடினார்கள். சீர்திருத்தவாதியான நீதிபதி மகாதேவ கோவிந்த ரானடே பொதுக்கூட்டத்தில் பேசினார். பாலுவோடு சேர்ந்து ஆடுகிறவர்கள் அவரோடு சேர்ந்து சாப்பிடவும் வேண்டும் என்று எடுத்துச் சொன்னார். ஊரின் காதில் அது விழுந்தது.

பம்பாயில் வெற்றி

1896-ல் பிளேக் நோய் பரவியது. பூனாவும் பம்பாயும் கலங்கின. அந்தச் சமயத்தில் பாலு பம்பாய்க்குப் போனார். பிறகு ரயில்வேயில் வேலை கிடைத்தது.

பம்பாயிலும் அதே தடை. இந்து ஜிம்கானா என்ற சங்கத்தில் அவரைச் சேர்ப்பதற்குச் சிலர் மறுத்தார்கள். குழுத் தலைவர் பிடிவாதமாக நின்று சேர்த்துக்கொண்டார்.

1906-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் வந்தது. இந்துக்களுக்கும் ஐரோப்பியர்களுக்கும் பம்பாயில் ஆட்டம். நாட்டை ஆளுகிறவர்கள் ஒரு பக்கம், ஆளப்படுகிறவர்கள் ஒரு பக்கம்.

இந்துக்கள் முதலில் 242 ரன் எடுத்தார்கள். ஐரோப்பியர்கள் 191. இந்துக்கள் மறுபடி 160. ஐரோப்பியர்கள் 102 ரன்னில் சுருண்டார்கள். 109 ரன் வித்தியாசத்தில் வெற்றி!

பாலு பந்து வீசினார். அவருடைய தம்பி சிவராமும் அந்தக் குழுவில் ஆடினார். அடுத்த ஆண்டும் இந்துக்களே ஜெயித்தார்கள்.

இந்த வெற்றிக்குள் இன்னொரு வெற்றி இருந்தது. பம்பாயில் பாலு மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். மண் குவளை போயிற்று. சீர்திருத்தப் பத்திரிகைகள் கிரிக்கெட் வெற்றியைவிட இதைத்தான் பெரிதாகக் கொண்டாடின.

மகாராஜாவும் பாலுவும்

1911-ம் ஆண்டு அகில இந்தியக் குழு ஒன்று முதன்முதலாக இங்கிலாந்து சென்றது. இந்துக்கள், முஸ்லிம்கள், பார்சிகள் ஆகியோர் சேர்ந்த குழு. தலைவர் பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங். வயது 19.

அந்த ஆண்டு லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு விழா. மகாராஜா விருந்துகளுக்குப் போனார். சில ஆட்டங்களில்தான் ஆடினார். குழுவின் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவரான மிஸ்திரி, மகாராஜாவின் காரியதரிசி. எஜமான் போன இடத்துக்கெல்லாம் அவரும் போக வேண்டியதாயிற்று.

பாரம் எல்லாம் மற்றவர்கள் தலையில் விழுந்தது. பந்து வீச்சின் பாரம் பெரும்பாலும் ஒருவர் தோளில் விழுந்தது. பாலுவுக்கு அப்போது வயது 35. பந்து வீச்சாளருக்கு அது இளமை அல்ல.

குழு ஆடியது 23 ஆட்டங்கள். ஜெயித்தது 6. தோற்றது 15. பாலு எடுத்த விக்கெட்டுகள் 114!

கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலைக்கு எதிராக ஒரே இன்னிங்சில் 103 ரன் கொடுத்து 8 விக்கெட் எடுத்தார். லெஸ்டர்ஷயர், சோமர்செட் ஆகிய இரண்டு மாவட்டக் குழுக்களை இந்தியர்கள் வென்றார்கள். சோமர்செட் ஆட்டத்தில் தம்பி சிவராம் நூறு ரன் தாண்டினார்.

ஒருவர் அரண்மனையில் பிறந்தவர். குழுவின் தலைவர். மற்றவர் மைதானம் பெருக்கியவர். குழுவின் தொண்டர். மைதானத்துக்கு வெளியே நடந்துகொள்ளும் முறை பற்றிப் பேசுகிறவர்கள் இந்த இருவரையும் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கலாம்.

கணக்கு சொல்லாதது

இப்போது கணக்குக்கு வருவோம்.

100 ரன் கொடுத்து 5 விக்கெட் எடுத்தால் சராசரி 20. குறைந்த ரன்னுக்கு விக்கெட் எடுப்பவரே கெட்டிக்காரர். இங்கிலாந்தில் பாலுவின் சராசரி 18.84. முதல்தர ஆட்டங்கள் என்று கணக்கில் ஏறியவை அவருக்கு மொத்தம் 33 மட்டுமே. அவற்றில் 179 விக்கெட்டுகள். சராசரி 15.21. ஒரே இன்னிங்சில் 5 விக்கெட்டோ அதற்கு மேலோ எடுத்தது 17 தடவை.

கணக்குப் பிரியர்கள் இதைக் கேட்டுத் தலையாட்டுவார்கள். ஆனால் இந்தக் கணக்கு சொல்லாமல் விட்டதும் உண்டு.

முதல் விக்கெட் கணக்கில் ஏறியபோது பாலுவுக்கு ஏறத்தாழ 30 வயது. அதற்கு முன் 14 ஆண்டுகளாக அவர் பந்து வீசிக்கொண்டிருந்தார். பூனா கிளப்பில் துரைமார்களுக்கு வீசிய பந்துகள் எந்த நோட்டில் ஏறின? சதாராவில் எடுத்த 7 விக்கெட் முதல்தரக் கணக்கில் உண்டா? இல்லை. இளமை முழுவதும் கணக்குக்கு வெளியே போயிற்று.

மட்டை பிடித்தவர் என்று பார்த்தால் அவர் எடுத்தது 753 ரன்கள்தான். குறைவுதான். ஆனால் பழகும் வயதில் மட்டை கையில் கிடைக்காதவரின் கணக்கு அது.

அப்படியானால் கணக்கு வீண்தானா? அதுவும் இல்லை.

கொட்டகைக்குள் பாலுவுக்கு இடம் இல்லை. ஆனால் கணக்கு நோட்டில் இடம் இருந்தது. நோட்டில் ஜாதிக்கு ஒரு பத்தி கிடையாது. விக்கெட்டைத் தனி மேசையில் வைக்க முடியாது. பீங்கான் கோப்பையை மறுத்தவர்கள்கூட அந்த எண்ணிக்கையை மறுக்க முடியவில்லை. பாலுவுக்காகச் சாட்சி சொன்னது அந்தக் கணக்குதான்.

ஆட்டக்காரரை எடைபோட எண்ணிக்கை வேண்டும். அந்த எண்ணிக்கை எப்படி வந்தது என்ற கதையும் வேண்டும்.

கிடைக்காத தலைமைப் பதவி

1912-ல் பம்பாயில் நால்வர் போட்டி தொடங்கியது. இந்துக்கள், முஸ்லிம்கள், பார்சிகள், ஐரோப்பியர்கள் என்று நான்கு குழுக்கள்.

இந்துக் குழுவில் பாலுவைவிட அனுபவசாலி யார்? தலைமைப் பதவி அவருக்குத்தான் வர வேண்டும். வரவில்லை. 1913-ல் எம்.டி. பை என்பவர் தலைவரானார். அவர் உயர்ந்த ஜாதிக்காரர். ஆனாலும் நேர்மையான மனிதர். இந்த மரியாதை பாலுவுக்குத்தான் உரியது என்று வெளிப்படையாகவே சொன்னார்.

பாலுவுக்குத் தம்பிகள் மூவர். சிவராம், கணபத், விட்டல். எல்லாரும் கிரிக்கெட் வீரர்கள்.

1920-ல் தலைவர் பை ஓர் ஆட்டத்துக்கு வர முடியவில்லை. மூத்த வீரரான விட்டலுக்குப் பதவி வரும் என்று பலர் நினைத்தார்கள். தேவதர் என்ற பூனாக்காரருக்குக் கொடுத்தார்கள். விட்டலும் சிவராமும் ஆட மறுத்து விலகினார்கள்.

இத்தனை வருஷம் பாலு பொறுத்தார். தம்பிகள் பொறுக்கவில்லை. ஊரில் பேச்சு எழுந்தது. பொதுமக்களும் சகோதரர்கள் பக்கம் சாய்ந்தார்கள். இறுதி ஆட்டத்துக்கு அவர்களைத் திரும்ப அழைத்தார்கள். பாலுவை உதவித் தலைவர் ஆக்கினார்கள்.

அந்த ஆட்டத்தில் பை ஒரு காரியம் செய்தார். வேண்டுமென்றே சிறிது நேரம் மைதானத்தை விட்டு வெளியே போனார். அந்த நேரம் பாலு தலைவராக நின்றார். தனக்குக் கிடைத்த மரியாதையை உரியவருக்குச் சற்று நேரமாவது கொடுத்தார் பை. அவர் எடுத்த ரன்களை இன்று யாரும் எண்ணுவதில்லை. இந்தச் செயலை மறக்க முடியாது.

1923-ல் விட்டல் இந்துக் குழுவின் தலைவரானார். கோப்பையையும் வென்றார். அண்ணனுக்கு மூடிய கதவு தம்பிக்குத் திறந்தது.

ரசிகரும் வீரரும்

பாலுவுக்கு ஒரு ரசிகர் இருந்தார். பம்பாயில் கல்லூரி மாணவர். அவரும் தாழ்த்தப்பட்ட வகுப்பில் பிறந்தவர். 1911-ல் இங்கிலாந்திலிருந்து பாலு திரும்பியபோது தாழ்த்தப்பட்ட மக்கள் பாராட்டுக் கூட்டம் நடத்தினார்கள். அதில் அந்த இளைஞரும் முன்நின்றார்.

அவர் பெயர் பீமராவ் அம்பேத்கர்.

காலம் மாறியது. ரசிகர் பெருந்தலைவரானார். வீரரும் அரசியலுக்கு வந்தார். இருவருடைய பாதையும் பிரிந்தது.

தாழ்த்தப்பட்டவர்களுக்குத் தனித் தொகுதி வேண்டும் என்றார் டாக்டர் அம்பேத்கர். பாலு அதை ஏற்கவில்லை. அவர் காந்தியடிகளின் பக்கம் நின்றார். 1932 செப்டம்பரில் எரவாடா சிறையில் காந்தியடிகள் உண்ணாவிரதம் இருந்தார். 24-ந் தேதி பூனா ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. டாக்டர் அம்பேத்கர் கையெழுத்திட்டார். நம் மாகாணத்தின் எம்.சி.ராஜாவும் இரட்டைமலை சீனிவாசனும் கையெழுத்திட்டார்கள். பாலுவும் கையெழுத்திட்டார். ஒரு காலத்தில் மைதானம் பெருக்கியவரின் பெயர் நாட்டின் தலைவிதியைத் தீர்மானித்த தாளில் இடம்பெற்றது.

1937-ல் பம்பாய் சட்டசபைத் தேர்தல் வந்தது. டாக்டர் அம்பேத்கரை எதிர்த்துக் காங்கிரஸ் நிறுத்திய வேட்பாளர் பாலு!

அம்பேத்கருக்கு 13,245 வாக்குகள். பாலுவுக்கு 11,225 வாக்குகள். வீரர் தோற்றார். ரசிகர் ஜெயித்தார்.

இதில் பாலு செய்தது சரியா என்று இன்றும் கேட்பவர்கள் உண்டு. தம் வகுப்பின் பெருந்தலைவரை எதிர்த்து நிற்கலாமா என்று அவர்கள் கேட்கிறார்கள். அந்தத் தேர்தலில் அம்பேத்கர் தோற்றிருந்தால் தாழ்த்தப்பட்ட மக்களின் குரல் அந்தச் சபையில் தணிந்திருக்கும். அந்த வகையில் பாலு தோற்றதே நல்லது என்று சொல்லலாம்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. பாலு கண்ட உலகம் வேறு. ஒரே குழுவில் சேர்ந்து ஆடி, ஜெயித்து, அதன் பிறகு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டவர் அவர். சேர்ந்திருந்தே மாற்றலாம் என்பது அவர் அனுபவம். சேர்ந்திருந்தும் தலைமை கிடைக்கவில்லை என்பதும் அவர் அனுபவமே. முதல் பாதியை அவர் நம்பினார். இரண்டாம் பாதியை அம்பேத்கர் கண்டார்.

ஒரு நல்ல ஆட்டக்காரரின் எல்லா முடிவுகளும் சரியாக இருக்க வேண்டியதில்லை. ரசிகர் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ள வேண்டியதும் இல்லை.

கடைசி நாள்

1955 ஜூலை 4-ந் தேதி பம்பாயில் பாலு காலமானார். அதற்கு முன்பே இந்தியா சுதந்திரம் அடைந்துவிட்டது. அரசியல் சட்டம் தீண்டாமையை ஒழித்துவிட்டது. அந்தச் சட்டத்தை வரைந்த குழுவின் தலைவர் டாக்டர் அம்பேத்கர்.

பிறகு நாடு பாலுவை மெல்ல மறந்தது. 2002-ல் வரலாற்று ஆசிரியர் ராமச்சந்திர குஹா தம் கிரிக்கெட் வரலாற்று நூலில் அவர் கதையை விரிவாக எழுதினார். அதன் பிறகுதான் புதிய தலைமுறை அவர் பெயரை அறிந்தது.

ஆம்பூர் டீக்கடைக்குத் திரும்புவோம்.

வாதம் நடக்கட்டும். ரன்னை எண்ணுங்கள், விக்கெட்டை எண்ணுங்கள். ஆட்டக்காரர் வெளியே எப்படி நடந்துகொள்கிறார் என்றும் பாருங்கள். அதோடு அவரிடம் மற்றவர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்றும் பாருங்கள். பாலுவின் கதையில் மைதானத்துக்கு வெளியே தவறியவர் பாலு அல்ல. அவருக்கு மண் குவளை நீட்டியவர்கள்தான் தவறினார்கள்.

ஆட்டம் முடிந்து டீ வரும்போது ஒன்றைக் கவனியுங்கள். தோல் தொட்டியில் வேலை செய்யும் வீட்டுப் பிள்ளைக்கும், கடை முதலாளி வீட்டுப் பிள்ளைக்கும் ஒரே மாதிரி டம்ளரில்தான் டீ வருகிறதா?

வந்தால், பாலு வீசிய பந்து வீண் போகவில்லை.